மஞ்சள் விளக்கு எரிந்தால்...

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

நோயாளி வாய் திறந்து நோயைச் சொல்லிவிட்டால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது என்பார்கள். காருக்கு வாய் இல்லை. அதனால்தான் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் மெக்கானிக்குகள் காதையும் மூக்கையும் நம்பிப் பிழைத்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, செங்கல் நிறத்தில் இருந்தால் கலவை சரி. சைலன்சர் புகையின் நிறத்தையும், என்ஜின் ஓடும் ஒலியையும் கொண்டே பழுதை ஊகித்தார்கள். இன்றைய காரோ தன் குறையைத் தானே கண்டு, ஒரு மஞ்சள் விளக்கை எரியவிட்டு, அதற்கு ஓர் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணைப் பற்றியும், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியும் சக மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியநாயக்கன்பாளையத்துக்காரனாகிய எனக்கு இதில் சற்று உரிமையும் உண்டு. மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள எங்கள் ஊரில்தான் 1962-இல் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரங்களைச் செய்து வருகிறது. 1970-களில் பிரீமியர் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அண்ட் கண்ட்ரோல்ஸ் என்ற பெயரில் தொடங்கி, இன்று பிரிக்கால் என வழங்கும் நிறுவனத்தின் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கிறது. வண்டிகளின் டேஷ்போர்டில் வேகத்தையும் பெட்ரோல் அளவையும் காட்டும் கருவிகள் அதன் தொழில். அந்தக் கருவிப் பலகைதான் நாம் பேசவிருக்கும் மஞ்சள் விளக்கின் வீடு. கடந்த இரண்டு கோடை விடுமுறைகளையும் நான் எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் கழித்தேன். அங்கே கண்டவற்றையும் வகுப்பில் படித்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விளக்கு வந்த கதை

இந்த விளக்கு என்ஜினின் நலனுக்காகப் பிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது பிறந்தது நாம் சுவாசிக்கும் காற்றின் நலனுக்காக. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாகனப் புகை பெருந்தொல்லையானபோது, புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் கெட்டால் வண்டியே ஓட்டுநருக்கு அறிவிக்க வேண்டும் என்று அம்மாநிலக் காற்றுவள வாரியம் விதித்தது. 1988-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் கம்பெனிக்கு ஒரு முறை, கம்பெனிக்கு ஒரு சாக்கெட். சில வண்டிகளில் விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணித்தான் பழுதை அறிய வேண்டியிருந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் ஒரே சாக்கெட், ஒரே எண் முறை என்றாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இது கட்டாயமானது.

நம் நாட்டில் 2010 ஏப்ரலில் பாரத் நிலை நான்கு பெருநகரங்களில் வந்தபோது இதன் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கார்களுக்கு வந்தன. 2017-இல் நிலை நான்கு நாடு முழுவதற்கும் பரவியது. 2020 ஏப்ரலில் ஐந்தாம் நிலையைத் தாண்டி நேரே ஆறாம் நிலைக்குப் போனோம். அப்போது இருசக்கர வாகனங்களுக்கும் இது வந்து சேர்ந்தது. நம் கல்லூரிச் சைக்கிள் ஷெட்டில் நிற்கும் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் இன்று அந்த மஞ்சள் விளக்கைக் காணலாம்.

எண்ணைப் படிக்கும் முறை

ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே, பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதன் 16-ஆம் துளையில் பேட்டரியின் மின்சாரம். 4, 5-ஆம் துளைகளில் எர்த். 6, 14 ஆகியவற்றில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இரு கம்பிகள். ஸ்கேனரையோ, செல்பேசியோடு புளூடூத்தில் இணையும் சிறு கருவியையோ அதில் செருகினால் எண் தெரியும்.

ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் சேர்ந்தது ஓர் எண். எழுத்து, பழுது என்ஜினிலும் கியரிலுமா, பாடியிலா, பிரேக் முதலிய அடிப்பகுதியிலா, கம்ப்யூட்டர்களுக்கு இடையேயான தொடர்பிலா என்று காட்டும். (முதல் இரண்டின் எழுத்துகளும் தமிழில் எழுதினால் 'பி' என்றே ஆகிவிடுகின்றன! இக்கட்டுரையில் வருபவை அனைத்தும் என்ஜின் வகையே. எனவே எழுத்தை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் தருகிறேன்.) முதல் இலக்கம் 0 எனில் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண், 1 எனில் அந்தக் கம்பெனியின் சொந்த எண். இரண்டாம் இலக்கம் பகுதியைக் குறிக்கும். 1, 2 காற்றும் எரிபொருளும், 3 தீப்பொறி, 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐடிலிங்கும், 6 கம்ப்யூட்டர், 7 முதல் 9 வரை கியர். கடைசி இரண்டும் குறிப்பான பழுது. ஆக 0303 என்றால் தீப்பொறிப் பகுதியில் மூன்றாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பொருள்.

இதோடு இன்னொரு குறிப்பையும் கம்ப்யூட்டர் சேமிக்கிறது. பழுதைக் கண்ட அந்த நொடியில் வண்டியின் வேகம் என்ன, என்ஜின் சுற்று என்ன, சூடு என்ன, பளு என்ன என்ற நிழற்படம் அது. பல பட்டறைகளில் எண்ணைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. எங்கள் பக்கத்து வாடகைக் கார்கள் நாள் தவறாமல் ஊட்டிக்குப் போய் வருபவை. 0303 பதிந்த ஒரு காரின் நிழற்படத்தில் பளு மிக அதிகம், வேகம் மிகக் குறைவு. கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது பழுது வந்திருக்கிறது என்று வண்டியைத் தொடாமலே சொல்லிவிடலாம். பளு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உயரும். அழுத்தம் உயர்ந்தால் பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் சமவெளியில் சமாளித்துவிட்டு மலையில் தோற்கிறது. பட்டறைக்கார அண்ணன் மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினார். மறுநாள் வந்த எண் 0301. பழுது காயிலோடு இடம் மாறிவிட்டது. காயில்தான் குற்றவாளி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? புதுப் பொருள் எதுவும் வாங்காமல் செய்த சோதனை இது.

மைனஸ் நாற்பது டிகிரி

இயற்பியல் மாணவர்களுக்கு இனிக்கும் எண் ஒன்று உண்டு. அது 0118. என்ஜினின் குளிர்நீர்ச் சூட்டை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் வோல்டேஜ் அதிகம் என்பது இதன் பொருள்.

அந்தச் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அறைச் சூட்டில் ஏறக்குறைய 2000 முதல் 3000 ஓம் வரை இருப்பது 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டர் தன்னுள் இருக்கும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் கொடுக்கிறது. இரு தடைகளும் தொடராக நின்று அந்த 5 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தெர்மிஸ்டரின் பங்கு எவ்வளவு என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது கம்ப்யூட்டர். முதலாண்டு ஆய்வகத்தில் நாம் செய்த சோதனைதான், வேறொன்றுமில்லை.

கம்பி அறுந்துவிட்டால்? மின்தடை எல்லையற்றது, 5 வோல்ட் முழுவதும் அங்கேயே நிற்கும். கம்ப்யூட்டருக்கு அது கடுங்குளிர். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். ஏன் சரியாக நாற்பது? சூட்டைச் சொல்ல ஒரு பைட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் 0 முதல் 255 வரை அடங்கும். அதிலிருந்து 40-ஐக் கழிப்பது விதி. எனவே மைனஸ் 40-க்குக் கீழே சொல்லவே முடியாது. சித்திரை வெயிலில் கோயம்புத்தூரில் நிற்கும் கார் மைனஸ் 40 என்று சொன்னால் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், கரும்புகை வரும், மைலேஜ் விழும்.

இப்போது கேள்வி: கெட்டது சென்சாரா, கம்பியா? சென்சாரின் கப்ளரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். மின்தடை பூஜ்யம் ஆகிவிட்டதால் கம்ப்யூட்டர் இதைக் கொதிக்கும் சூடு என்று கருதும். ஸ்கேனரில் எண் மைனஸிலிருந்து நூற்றுக்கு மேல் தாவினால் கம்பியும் கம்ப்யூட்டரும் நலம், சென்சாரை மாற்றலாம். தாவாமல் மைனஸ் நாற்பதிலேயே நின்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. (இரண்டு கம்பிச் சென்சாரில் மட்டுமே இதைச் செய்யலாம். மூன்று கம்பி உள்ளவற்றில் செய்தால் 5 வோல்ட் நேரே எர்த்தில் பாய்ந்துவிடக்கூடும்.) நான் பார்த்த வண்டியில் எண் தாவவில்லை. தோட்டத்துச் சாளையில் பத்து நாள் நின்ற கார் அது. என்ஜின் சூட்டில் குளிர் காய வந்த எலி வயரைக் கடித்திருந்தது. எலிகளைப் பற்றிக் கம்பெனிப் புத்தகத்தில் ஒரு வரியும் காணோம். எங்கள் பக்கத்துப் பட்டறைகளிலோ முதலில் தேடுவது அதைத்தான்.

சென்சார் பொய் சொல்லவில்லை

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய எண்ணுக்கு வருகிறேன். அது 0171: கலவையில் பெட்ரோல் குறைவு.

ஒரு நாள் மாலை வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் வந்தார். சொந்த வண்டி, வங்கிக் கடன். வேறோர் ஊரில் வேறொரு பட்டறையில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். பல ஆயிரம் செலவு. "ஏனுங்கண்ணா, சென்சார் மாத்துனா நின்னுருமுன்னாங்க. மூணாம் நாளே மறுபடியும் எரியுதுங்க. இப்ப பெட்ரோல் பம்ப்பை மாத்தோணும்ங்கறாங்க. மாசத் தவணையே கட்ட முடியலீங்க" என்றார்.

அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. ஸ்கேனரைச் செருகி என்ஜினை ஸ்டார்ட் செய்து, எண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாக வேறொரு பக்கத்தைத் திருப்பினார். அதுதான் எரிபொருள் திருத்தம். இதைச் சற்று விளக்க வேண்டும்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். வரும் காற்றை அளந்து, அதற்குரிய பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகக் கம்ப்யூட்டர் தெளிக்கிறது. தெளித்தது சரிதானா என்று புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்லும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் சென்சார் 0.1 வோல்ட் அளவும், மிஞ்சாவிட்டால் 0.9 வோல்ட் அளவும் காட்டும். மிஞ்சினால் பெட்ரோலைக் கூட்டு, இல்லையெனில் குறை. இப்படி நொடிக்கு நொடி நடக்கும் கூட்டல் கழித்தல் விழுக்காடாகப் பதிவாகிறது. 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. கூட்டிக் கூட்டி 25 விழுக்காட்டை ஒட்டிய எல்லைக்குப் போய்விட்டால், 'என்னால் இதற்கு மேல் முடியாது' என்று கம்ப்யூட்டர் கைவிரித்து 0171-ஐப் பதிந்து விளக்கை ஏற்றுகிறது. (எல்லை கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறும்.)

அந்தக் காரில் ஐடிலிங்கில் திருத்தம் கூட்டல் 26. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்து 2500 சுற்றில் நிறுத்தினார். கூட்டல் 6-க்கு இறங்கியது.

"பம்ப் இல்லீங்க" என்றார் உடனே.

நண்பர்களே, இந்த ஒரு சொல்லின் பின்னே இருக்கும் தருக்கம் எனக்கு ஒரு தேற்றத்தின் நிரூபணம் போல் தோன்றியது. பம்ப் பலவீனமானாலும் பில்டர் அடைத்தாலும் பெட்ரோல் அதிகம் தேவைப்படும்போதுதான் பற்றாக்குறை வரும். சுற்று ஏற ஏறத் திருத்தம் கூட வேண்டும். இங்கே குறைகிறது. ஆகவே பெட்ரோல் போதவில்லை என்பதல்ல. அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது. எடுத்துக்காட்டாக, ஐடிலிங்கில் நொடிக்கு 2.5 கிராம் காற்று அளவியைக் கடந்து போவதாகக் கொள்வோம். ஓர் ஓட்டை வழியாக 0.6 கிராம் திருட்டுத்தனமாக நுழைந்தால் அது 24 விழுக்காடு. 2500 சுற்றில் 10 கிராம் போகும்போது அதே 0.6 கிராம் வெறும் 6 விழுக்காடு. ஓட்டை மாறவில்லை, அதன் பங்குதான் சுருங்கியது.

(ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்றின் எடையை நேரே அளக்கும் சென்சார் உள்ள வண்டிக்கே இந்தக் கணக்கு. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் வண்டிகளில் திருட்டுக் காற்றும் அழுத்தமாகக் கணக்கில் வந்துவிடும். அங்கே ஐடிலிங் உயர்வதுதான் முதல் அடையாளம்.)

பிறகு தேடல். ஏர் பில்டர் தொடங்கி என்ஜின் வரை ஒவ்வொரு ரப்பர் ஹோஸாக வளைத்துப் பார்த்தார். மேலோட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைச் சூடான சைலன்சர்ப் பக்கம் படாமல், சொட்டுச் சொட்டாக ஒவ்வோர் இணைப்பிலும் அடித்தார். தீப்பிடிக்கும் பொருளாதலால் இது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. கிராங்க் கேஸிலிருந்து ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் ஹோஸின் முழங்கைத் திருப்பத்தில், அடிப்புறத்தில் பட்டதும் என்ஜினின் ஒலி மாறியது. ஸ்கேனரில் திருத்தம் சரிந்தது. கழற்றினால், ரப்பர் வெடித்து விரல் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. புது ஹோஸுக்குச் சில நூறு ரூபாய் ஆயிற்று. திருத்தம் இரண்டு மூன்றுக்கு இறங்கியது.

"சென்சார் பொய் சொல்லலீங்க. காத்து மிஞ்சுதுன்னு அது பார்த்ததைச் சொல்லுச்சு. சொன்னவனைப் பிடிச்சு வெளிய போட்டுட்டாங்க" என்றார் அண்ணன். ஓட்டுநர் பழைய சென்சாரைக் குப்பையில் போடாமல் டிக்கியில் வைத்திருந்தார். அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

எண் என்பது தீர்ப்பு அல்ல, புகார் என்பதே இங்கு நாம் காண்பது. எங்கள் ஊரில் பலருக்கும் இது வேறொரு வடிவில் பழக்கமானது. பஞ்சாலையில் டிரா பிரேமில் நூல்வடம் அறுந்தால் இயந்திரம் நின்று விளக்கு எரியும். அறுந்தது என்றுதான் விளக்கு சொல்லும். பஞ்சு சரியில்லையா, ஈரப்பதம் குறைவா, உருளை தேய்ந்ததா என்பதைச் சொல்லாது. அதற்காக விளக்கை மாற்றுகிற பிட்டர் எவரும் இல்லை.

0171 பற்றி இன்னொரு செய்தி. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-இல் நாடெங்கும் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலுக்கு 1 பங்குக்கு 9 பங்கு காற்றே போதும். ஆகவே 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்குத் தேவை 13.5 பங்கு அளவுதான். அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். பழைய பெட்ரோலுக்காகக் கணக்கிடப்பட்ட கார்களில் திருத்தம் சில விழுக்காடு ஏறியே நிற்கும். ஏற்கெனவே சிறு கசிவு உள்ள வண்டியை இந்தச் சில விழுக்காடே எல்லை தாண்டவைத்துவிடலாம்.

இன்னும் சில எண்கள்

0420 என்பது புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்தது என்னும் எண். பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய விலைமிக்க உலோகங்கள் அதில் இருப்பதால் மாற்றுவது பெருஞ்செலவு. மாற்றிக்குப் பின்னால் உள்ள சென்சார், முன்னால் உள்ளதைப் போலவே மேலும் கீழும் ஆடினால் மாற்றி வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டுகிறது. புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் அப்படித் தோன்றலாம்; அதை முதலில் பார்க்க வேண்டும். மேலும், மிஸ் அடித்ததாலோ ஆயில் எரிந்ததாலோ மாற்றி கெட்டிருந்தால் காரணத்தை விட்டுவிட்டுப் புதியதை மாட்டுவது வீண், அதுவும் கெடும். மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பளுவைக் குறைத்து, வண்டியை ஓரம் கட்டுவதே முறை.

ஒரே நேரத்தில் ஏழெட்டு எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பேட்டரியோ எர்த் இணைப்போ தளர்ந்திருக்கும். மல்டிமீட்டரை எடுத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மற்றதைத் தொட வேண்டும்.

எண்ணை அழிப்பது பற்றி

ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்தினால் எண் அழியும், விளக்கு அணையும். பழைய வண்டி விற்பவர்களில் சிலருக்கு இது மிகவும் பிடித்த பட்டன். ஆனால் அழிக்கும்போது கம்ப்யூட்டர் கற்றுவைத்த திருத்தங்களும் நிழற்படமும் சேர்ந்து அழிகின்றன. அது நடத்தி முடித்த சுயசோதனைகளும் 'முடியவில்லை' என்று மாறிவிடுகின்றன. பழைய கார் வாங்கும் நண்பர்கள் விளக்கு எரியவில்லை என்று மகிழாமல், ஸ்கேனரில் அந்தச் சுயசோதனைப் பக்கத்தைப் பார்க்கட்டும். எல்லாமே 'முடியவில்லை' என்றிருந்தால் அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். நேர்மையாகப் பழுதை நீக்கினால் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தென்படாவிட்டால் விளக்கு தானே அணையும். நாற்பது முறை என்ஜின் சூடேறிய பின் எண்ணும் தானே மறையும்.

பட்டறைக்கார அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஸ்கேனர் காட்டும் ஆங்கில வரிகள் அவருக்கு முழுதும் புரிவதில்லை. ஆனால் எண்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே தம் அனுபவத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். "0171 - காத்து எங்கியோ இழுக்குது. மிதிச்சுப் பார். எறங்குனா ஹோஸ், ஏறுனா பம்ப்பு." "0118 - எலி." இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்புகள். பக்கத்துப் பட்டறைப் பையன்கள் வந்து அதைப் பார்த்துப் போகிறார்கள். அவருடைய அனுமதியோடு அதைப் படியெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய இயற்பியல் விளக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை முடிந்தவை நாற்பது. அவற்றின் ஒரு படி துறை நூலகத்தில், மின்னணுவியல் அலமாரியில் இருக்கிறது.